மெழுகில் வாங்கிய மணல்

கேரள-தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கடைக்குப் போர்டு எழுதினால் இரண்டு தடவை எழுத வேண்டும். மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருகிறவர் தமிழைப் படிப்பார். பாலக்காட்டிலிருந்து ஆபீஸ் வேலையாக வருகிறவர் மலையாளத்தைப் படிப்பார். கூலி மட்டும் ஒரு போர்டுக்கு உண்டானதுதான். என் அப்பா முப்பத்தைந்து வருடம் இந்த வேலையைச் செய்தார்.

அவர் எழுதுவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். தகரத்துக்கு முதலில் ரெட் ஆக்சைடு, அது காய்ந்ததும் இரண்டு கை வெள்ளை. பிறகு சாக்பொடி தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவார், கோடு விழுந்துவிடும். எனாமல் பெயிண்டைச் சிரட்டையில் ஊற்றிக்கொள்வார். கோயம்புத்தூர்ச் சொந்தக்காரர்கள் அதைத் தொட்டாங்குச்சி என்பார்கள், எங்கள் வீட்டில் சிரட்டைதான். இடது கையில் ஒரு குச்சி, அதன் முனையில் துணி சுற்றிய பந்து. அதைப் போர்டில் ஊன்றி, வலது மணிக்கட்டை அதன்மேல் சாய்த்துக்கொண்டு எழுதுவார். "தமிழ் எழுத்துக்கு மூலை வேணும் கண்ணு, மலையாளத்துக்கு வயிறு வேணும்" என்பார். ப, ம, ட எழுதும்போது பிரஷ்ஷை ஒரு கணம் நிறுத்தித் திருப்புவார். மலையாளம் எழுதும்போது முழங்கையிலிருந்தே கை சுழலும். இரண்டு வரியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஒரே ஆள் பேசுவது போல இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பாத்திக் துணி, அதாவது மெழுகால் வரைந்து சாயம் ஏற்றிய துணி, தொங்கியது. அம்மாவின் கல்யாணத்துக்கு, எழுபதுகளில், என் பெரிய மாமா மதராசிலிருந்து வாங்கி வந்தது. பழுப்பும் நீலமுமாக ஒரு பிள்ளையார். உடம்பு முழுக்க மயிரிழை மாதிரி வெடிப்புக் கோடுகள். சின்ன வயதில் துணி பழசாகிப் போய்த்தான் அப்படி இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அப்பா சொல்லித்தான் தெரியும், அந்த வெடிப்புகள்தான் அதில் அழகே என்று. இந்தக் கட்டுரையில் அந்தத் துணி திரும்ப வரும்.

2004-இல், ஃப்ளெக்ஸ் எங்கள் பக்கம் வேகமாக வந்துகொண்டிருந்த சமயம், அப்பாவும் இன்னும் பத்துப் பேரும் ஒரு டீக்கடைப் பின்கட்டில் கூடினார்கள். வேலந்தாவளத்திலிருந்து மூன்று பேர், வண்ணாமடையிலிருந்து இரண்டு பேர், மீதிப் பேர் சித்தூர், கோவிந்தாபுரம், எங்கள் ஊர். எல்லாரும் போர்டும் சுவரும் எழுதுகிறவர்கள். சங்கம் வைக்கலாம் என்று முடிவானது. ஒரு நோட்டு வாங்கி, அதன் அட்டையில் அப்பாதான் சங்கத்தின் பெயரை இரண்டு மொழியிலும் எழுதினார். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு விலை தீர்மானித்தார்கள். அதற்குக் கீழே யாரும் வேலை எடுக்கக் கூடாது. தேர்தல் சுவருக்குப் பாதிப் பணம் முன்னாலேயே வாங்கிவிட வேண்டும். அதற்கு முந்தைய தேர்தலில் நாற்பது சுவர் எழுதிவிட்டுப் பணம் வராமல் போனவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அப்பாதான் அது.

சங்கம் ஐந்து மாதம் நின்றது. நோட்டில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறது. வேலந்தாவளத்துக்காரர் ஒருவர் நிலத்தை அடகு வைத்து ஃப்ளெக்ஸ் மெஷின் இறக்கினார். மற்றவர்கள் விலையைக் குறைத்தார்கள். பிறகு கூட்டம் போட யாரும் கூப்பிடவில்லை. அப்பா அந்த வேலந்தாவளத்துக்காரரோடு பேச்சை நிறுத்தினார். இருவரும் இருபது வருடச் சிநேகிதர்கள், ஒரே சாரத்தில் நின்று சினிமாக் கொட்டகைச் சுவர் எழுதியவர்கள்.

ஓவியர்கள் சேர்ந்து வைக்கிற சங்கம் எதனால் நிற்கிறது, எதனால் போகிறது என்ற கேள்வி எனக்கு அந்த டீக்கடையிலிருந்து வந்தது. அதைத் தேடிப் போனபோதுதான், மதராசுக்குப் பக்கத்தில் ஓவியர்கள் சேர்ந்து உண்டாக்கிய சோழமண்டலம் என்ற கிராமத்தின் கதையை முழுசாகப் படித்தேன். அதில் எங்கள் பக்கத்து ஆட்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். 1956 நவம்பர் வரை மலபார் முதலில் மதராஸ் ராஜதானியின், பிறகு மதராஸ் மாநிலத்தின் ஒரு மாவட்டம். எங்கள் சித்தூர் தாலுகா மட்டும் கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது, சுற்றிலும் இருந்ததெல்லாம் மதராஸ். பொன்னானியில் ஒரு பையன் நன்றாகப் படம் வரைந்தால் அவனுக்குத் தலைநகரம் மதராஸ்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயில் ஏறி, போத்தனூர், ஈரோடு, சேலம் என்று போய் இறங்க வேண்டியதுதான். அங்கே அவனுக்காக ஒரு பள்ளி இருந்தது. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தன் சொந்த முயற்சியில் தொடங்கிய கலைப்பள்ளி அது. இரண்டே வருடத்தில் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. நாற்காலி, நகை, மண்பாண்டம், உலோக வேலை என்று கைத்தொழில் கற்றுக்கொடுத்த இடம். 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைக்கு வந்தார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீர்கள், அதைச் செய்தவர். அவர் காலத்தில்தான் அந்தப் பள்ளியில் ஓவியமும் சிற்பமும் தலைதூக்கின.

கே.சி.எஸ். பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பம் பொன்னானிக்குப் பக்கத்திலுள்ள வெளியங்கோடு. கணவாய்க்கு இந்தப் பக்கம் பிறந்து அந்தப் பக்கம் வளர்ந்தவர் என்பதாலேயே எனக்கு அவர்மேல் ஒரு ஒட்டுதல். பன்னிரண்டு வயதிலேயே வாய்க்காலும் தென்னையுமாக நீர்வண்ணத்தில் வரையத் தொடங்கியவர். அப்பா இறந்துபோனதால் படிப்பை விட்டுவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார். இருபத்தைந்து வயதில்தான், 1936-இல், கலைப்பள்ளியில் மாணவராகச் சேர முடிந்தது. குடும்பத்துக்குச் சோறு போட வேண்டும் என்பதற்காகப் படம் வரைவதைத் தள்ளிவைத்த வருடங்கள் அவை. பிற்பாடு அவர் செய்த ஒவ்வொரு காரியத்திலும் அந்த வருடங்களின் நினைவு இருந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

1944-இல் பணிக்கர் முன்னின்று முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். கல்கத்தா குழு அதற்கு ஒரு வருடம் முன்பு, 1943-இல் வந்தது. பம்பாயின் முற்போக்குக் கலைஞர் குழு மூன்று வருடம் கழித்து, 1947-இல் வந்தது. பம்பாய்க் குழுவைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். மதராஸ் சங்கத்தைப் பற்றித் தமிழில் தேடினால் கிடைப்பது மிகக் குறைவு. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். பம்பாய்க் குழு சில வருடங்களிலேயே கலைந்து, அதன் பெரிய பெயர்கள் லண்டனுக்கும் பாரிசுக்கும் போய்விட்டன. மதராஸ் சங்கமோ கண்காட்சி வைத்துக்கொண்டு, மாணவர்களை உள்ளே இழுத்துக்கொண்டு, வருடக்கணக்கில் ஓடியது. 1961-இல் ஆர்ட்ரெண்ட்ஸ் என்ற பத்திரிகையையும் கொண்டுவந்தது. ஓவியம் பற்றி நிதானமாகப் பேச அன்றைக்குத் தெற்கில் அப்படி ஒரு இடம் கிடைத்ததே பெரிய விஷயம்.

ஆனால் கண்காட்சி வைத்தால் மட்டும் வயிறு நிறையாது. 1957-இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற்றதும் பணிக்கர் பள்ளியின் முதல்வரானார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது இது அவருக்கு வருடா வருடம் கண்ணுக்கு முன்னால் நடந்திருக்கும். ஐந்து ஆறு வருடம் படித்த பையன்கள் வெளியே வருகிறார்கள். மதராசில் படம் வாங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெளிவந்தவர்களில் சிலர் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் ஆனார்கள், சிலர் விளம்பர வேலைக்குப் போனார்கள். நெசவாளர் சேவை மையத்தில் துணிக்கு டிசைன் போடும் வேலை சிலருக்குக் கிடைத்தது. ஓவியர்கள் ஆதிமூலமும் ரெட்டப்ப நாயுடுவும்கூட அங்கே வேலை பார்த்தவர்கள்தான். அது கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். கிடைக்காதவர்கள் பிரஷ்ஷை வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள்.

இதற்குப் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் கண்ட வழிதான் பாத்திக். முந்தின தலைமுறை ஓவியர்கள் பலர் கைத்தொழிலைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தார்கள். கைத்தொழில் பள்ளியாக இருந்த இடத்தை ஓவியப் பள்ளியாக மாற்றவே அவர்களுக்கு ஒரு ஆயுள் பிடித்தது, அதனால் அது புரிந்துகொள்ளக் கூடியதுதான். இவர்கள் அந்தக் கைத்தொழிலையே திரும்பக் கையில் எடுத்தார்கள். நாளில் சில மணி நேரம் விற்பனைக்கான வேலை: பாத்திக், மண்பாண்டம், உலோக வேலை, தோல் வேலை. மிச்ச நேரம் அவரவர் ஓவியம், அவரவர் சிற்பம். விற்ற பணத்தில் ஒரு பங்கு பொதுவுக்கு. இதை நடத்தவே ஆர்ட்டிஸ்ட்ஸ் ஹாண்டிகிராஃப்ட்ஸ் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் வைத்தார்கள். முற்போக்கு ஓவியர் சங்கம் சுவருக்குப் படம் தேடியது என்றால், இந்தச் சங்கம் அடுப்புக்கு அரிசி தேடியது. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வர அவர்களுக்குக் கிட்டத்தட்ட இருபது வருடம் ஆகியிருக்கிறது.

பாத்திக் எப்படிச் செய்வது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கிராமமே அதன்மேல் நிற்கிறது. தேன்மெழுகையும் பாரஃபினையும் சேர்த்து உருக்குவார்கள். சூடு குறைந்தால் மெழுகு துணியின் மேலேயே உட்கார்ந்துவிடும், இழைக்குள் இறங்காது. கூடினால் புகைய ஆரம்பித்துவிடும். அந்த நடுச்சூட்டில் பிரஷ்ஷாலோ, சின்ன மூக்கு வைத்த செம்புக் கிண்ணத்தாலோ வரைய வேண்டும். எங்கே மெழுகு இருக்கிறதோ அங்கே சாயம் ஏறாது. வெளிர் நிறம் முதலில், அதற்குமேல் இன்னொரு சுற்று மெழுகு, பிறகு அடர் நிறம். சாயமும் குளிர்ந்த தண்ணீரில்தான், வெந்நீர் பட்டால் மெழுகு ஓடிவிடும். பாரஃபின் உடையும் குணம் உள்ளது. துணியைக் கசக்கினால் மெழுகு விரிசல் விட்டு, அந்த விரிசல் வழியாகச் சாயம் இறங்கும். எங்கள் வீட்டுப் பிள்ளையார் உடம்பில் இருந்த மயிரிழைக் கோடுகள் அவைதான். கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை எடுத்துவிடுவார்கள். ஒரு துணியில் விழுந்த விரிசல் இன்னொரு துணியில் அப்படியே விழாது. எத்தனை துணி செய்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனி.

அப்படிச் சேர்த்த பணத்தில் இஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். சவுக்குத் தோப்பும் மணலும் மட்டுமே இருந்த இடம். 1966-இல் முப்பது பேருக்கு மேல் சேர்ந்து அங்கே கிராமம் வைத்தார்கள். வெள்ளைக்காரர்கள் கோரமண்டல் என்று திரித்த பெயரை அதன் மூலமான சோழமண்டலத்துக்கே திருப்பி, அதையே ஊருக்குப் பெயராக வைத்தார்கள். வீடு, வேலைக்கூடம், காட்சிக்கூடம், திறந்தவெளி அரங்கு என்று ஒவ்வொன்றாக எழும்பியது. அரங்குக்குப் பாரதி பெயர். 1967-இல் பணிக்கர் ஓய்வு பெற்றார். தான் தொடங்கிய கிராமத்தோடேயே பிற்காலத்தைக் கழித்து, 1977 ஜனவரியில் இறந்தார்.

யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் தெற்கின் நான்கு மொழியும் அங்கே இருந்தது. தகட்டை அடித்துக் கம்பியைப் பற்றவைத்துக் கடவுளர் உருவங்கள் செய்த பி.வி. ஜானகிராம், காளைகளும் ஆதிவாசிக் குறிகளுமாக வரைந்த சுல்தான் அலி, மைசூரிலிருந்து வந்த எஸ்.ஜி. வாசுதேவ், பணிக்கரின் மகனும் சிற்பியுமான நந்தகோபால், கண்ணூர்க்காரரான ஹரிதாசன். எங்கள் மாவட்டத்துக் குமரநல்லூரிலிருந்து வந்தவர் அக்கித்தம் நாராயணன். மலையாள மகாகவி அக்கித்தத்தின் தம்பி. அவரும் கொல்லத்துக்காரரான விஸ்வநாதனும் அறுபதுகளின் கடைசியில் பாரிசுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஓவியர் எம்.வி. தேவன் கேரளத்துக்குத் திரும்பி எர்ணாகுளத்தில் கேரள கலாபீடத்தை உண்டாக்கினார். மதராசில் கற்றுக்கொண்ட அந்தச் சேர்ந்து நிற்கும் புத்தியை அவர் கணவாய் தாண்டிக் கொண்டுபோனார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பொன்னானிப் பக்கத்திலிருந்து அதே கலைப்பள்ளிக்குப் படிக்க வந்த டி.கே. பத்மினி முப்பது வயதுகூட ஆகாமல், 1969-இல், பிரசவத்தில் போய்விட்டார். அவருடைய படங்களைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் முப்பது வருடம் கிடைத்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்ளும்.

எல்லாரையும் விட எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிறவர் கே. இராமானுஜம். பேச்சு திக்கும், மற்றவர்களோடு ஒட்டிப் பழகத் தெரியாது. கறுப்பு மையில், கோடுமேல் கோடாக இழைத்து ஒரு கனவு நகரத்தை வரைந்தார். கோபுரம், மாளிகை, பறக்கிற பாம்பு, நடுவில் தொப்பி போட்ட ஒரு மனிதர். அந்தத் தொப்பிக்காரர் அவரேதான். வெளியே தனியாக விட்டிருந்தால் அவர் எப்படிப் பிழைத்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கவே முடியவில்லை. கிராமத்தில் அவருக்கு ஒரு கூரையும், வரைய இடமும், அவர் யார் என்று தெரிந்த மனிதர்களும் இருந்தார்கள். அப்படியும் 1973-இல், முப்பதைக் கொஞ்சம் தாண்டிய வயதில் அவர் இறந்துவிட்டார். சங்கத்தால் எல்லாவற்றையும் தடுத்துவிட முடியவில்லை. ஆனாலும் இன்று நாம் பார்க்கிற இராமானுஜம் படங்களுக்குப் பின்னால் அந்தக் கூரை இருக்கிறது.

2012-இல் அப்பாவை அங்கே கூட்டிப் போனேன். 2009-இல் திறந்த புதிய அருங்காட்சியகம் அப்போது மினுமினுவென்று இருந்தது. வெளியே கருங்கல்லும் உலோகமுமாகச் சிற்பங்கள். அப்பா வாசலிலேயே நின்று பெயர்ப்பலகையைத்தான் முதலில் பார்த்தார். எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கு அது வழக்கம்.

உள்ளே பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படத்துக்கு முன்னால் போனதும் நகரவில்லை. 1963-இலிருந்து பணிக்கர் வரைந்த வரிசை அது. ஜாதகக் கட்டம் மாதிரி கட்டங்கள், கணக்குப் போட்டது மாதிரி குறிகள், இடையில் மீனும் பறவையும், எங்கு பார்த்தாலும் மலையாளம் மாதிரி எழுத்து. மாதிரிதான். ஒரு சொல்லும் படிக்க வராது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். உதடு அசைந்தது, எழுத்துக்கூட்டிப் பார்க்கிறார் என்று புரிந்தது. பிறகு வலது கை இடுப்புக்குப் பக்கத்தில் மெல்லச் சுழல ஆரம்பித்தது. பிரஷ் இல்லாமலே அந்த எழுத்துகளின் மேல் போய்வந்துகொண்டிருந்தார்.

"படிக்க முடியலீங்களா அப்பா?" என்றேன்.

"படிக்கறதுக்கு எழுதலை கண்ணு. ஆனா கை பழகின கை. எந்த இடத்துல அழுத்தணும், எந்த இடத்துல விடணும்னு தெரிஞ்சு எழுதியிருக்கார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இவர் நம்ம பக்கத்து ஆளா?" என்று கேட்டார். பிறந்தது கோயம்புத்தூர், ஊர் பொன்னானி என்று சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து, நிலம் வாங்கிய கதையைச் சொன்னேன். பாத்திக் விற்றது, பங்கு போட்டது, நாளில் சில மணி நேரம் வேலை என்ற ஏற்பாடு எல்லாவற்றையும் கேட்டார். அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் ஒரு மேஸ்திரி கேட்கிற கேள்விகள். மெழுகுக்குக் காசு யார் போட்டது? ஒருத்தன் துணி நல்லா போய், இன்னொருத்தன் துணி போகலைன்னா? கணக்கு நோட்டு யார் கையில? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

ராத்திரி ரயிலில் மேல் படுக்கையில் அவர் தூங்கவில்லை. காட்பாடி தாண்டியதும் கீழே எட்டிப் பார்த்து, "நாங்க விலைய மட்டும்தான் பேசினோம்" என்றார். "ஒரு மெஷினு அப்ப எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். பதினொரு பேருல ஆளுக்கு ஒரு பங்கு போட்டிருந்தா, மெஷினு சங்கத்து மெஷினா இருந்திருக்கும். எழுத வேணும்னு வர்றவனுக்கு எழுதித் தரலாம், ஃப்ளெக்ஸ் கேக்கறவனுக்கு அதை அடிச்சுத் தரலாம். அவன் தனியா நிலத்தை அடகு வெச்சான். நாம யாராச்சும் அவனக் கேட்டமா?"

இதைத்தான் நானும் எட்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். சோழமண்டலத்துக்காரர்கள் எல்லாரும் ஒத்துப்போனவர்கள் இல்லை. விலகிப் போனவர்கள் உண்டு, வெளிநாட்டுக்குப் போனவர்கள் உண்டு. அப்படிப் போன பிறகும் அந்த இடம் நின்றது, ஏனென்றால் பொதுவில் செய்த சரக்கு இருந்தது, அதை விற்று வாங்கிய மண் இருந்தது. எங்கள் பக்கத்துப் பதினொரு பேருக்கும் பொதுவில் இருந்தது ஒரு விலைப்பட்டியல் மட்டும்தான். பட்டியலை மீறுவதற்கு ஒரு வறுமையான மாதம் போதும். அவர்களில் ஒருவரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திறமையில் குறைந்தவர்கள் இல்லை, கை சுத்தமானவர்கள், இரண்டு மொழியிலும் கண் தேர்ந்தவர்கள். கூடி யோசிக்க ஒரு பணிக்கர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் அப்பா முன்னறைப் பிள்ளையாரைக் கழற்றினார். மடிக்காமல் சுருட்டி, ஒரு நியூஸ்பேப்பரில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலந்தாவளம் பஸ் ஏறினார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வந்தார். துணி திரும்பக் கையில் இருந்தது.

"என்னங்க சொன்னாரு?" என்று அம்மா கேட்டாள்.

"அவனுக்கு வெடிப்பு எப்படி விழுதுன்னு தெரியலை. சொல்லிக் கொடுத்தேன்" என்றார் அப்பா. பிறகு ஆணியைத் தட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளையாரை அதே இடத்தில் மாட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலந்தாவளத்துக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார், எட்டு வருடத்துக்கு அப்புறம். கையில் ஒரு கட்டு வெள்ளைக் காடாத் துணியும், ஒரு கிலோ மெழுகும் இருந்தன.